பரிவட்டம் கட்டிய பில்டு சர்வர்

யுவராணி வேலை பார்த்த ஆபீஸ் அருப்புக்கோட்டையில், திருச்சுழி ரோட்டில், ஒரு பம்புசெட் கடைக்கு மேலே இருந்தது. படியேறி வந்தால் கதவுக்கு மேலே இரண்டு பெயர்ப் பலகைகள் தெரியும். ஒன்று சுந்தரபாண்டி, இன்னொன்று மருதுபாண்டி. ஒரே அளவு, ஒரே நிறம். உயரம் ஒன்றுதானா என்று ரசமட்டம் வைத்துப் பார்த்துத்தான் ஆணி அடித்திருந்தார்கள். படியேறுகிறவன் இடது பக்கத்துப் பலகையைத்தானே முதலில் வாசிப்பான் என்பது மருதுபாண்டிக்கு ஒரு வாரம் கழித்துத்தான் உறைத்தது. அன்றைக்கே தன் பலகையைக் கழற்றி இடப்பக்கம் மாட்டினார். மறுநாள் காலையில் அது வலப்பக்கம் இருந்தது. யுவராணி வேலைக்குச் சேர்ந்தபோது அந்தச் சுவரில் பதினான்கு ஆணி ஓட்டைகள். பேச்சு குறைந்த பெண் என்பதால் எண்ணிப் பார்க்க நேரம் இருந்தது.

முதலாளிகள் இருவரும் பெரியப்பா சித்தப்பா பிள்ளைகள். திருச்சுழிக்கு உள்ளே தள்ளி ஒரே ஊர், ஒரே தெரு, ஒரே குலசாமி. சுந்தரபாண்டி மூன்று மாதம் மூத்தவர். அந்த மூன்று மாதத்தை மருதுபாண்டி இன்றுவரை ஒப்புக்கொண்டதில்லை. ஒருவர் கோயம்புத்தூருக்குப் போய்க் கம்ப்யூட்டர் படித்தார் என்று கேள்விப்பட்டு மற்றவர் மதுரைக்குப் போய்ப் படித்தார். ஆளுக்கொரு கம்பெனி தொடங்கினால் ஊர் சிரிக்கும் என்று வீட்டுப் பெரியவர்கள் சேர்ந்து தொடங்க வைத்தார்கள். ஊர் இப்போதும் சிரிக்கத்தான் செய்தது. டவுனுக்கு வருகிற வேலையையும் சேர்த்து முடித்துக்கொண்டு, மாடி வரை ஏறிவந்து சிரித்துவிட்டுப் போனது.

யுவராணிக்கு வயது இருபத்தொன்பது. நரிக்குடிக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமம். அப்பா உக்கிரபாண்டி ஒருகாலத்தில் அடுத்தவர் காட்டில் உழைத்தவர். இப்போது ரேஷன் கடையில் எடை போடுகிறார், மிச்ச நேரத்துக்கு இருபது ஆடு. அம்மா கருத்தம்மாள் நூறு நாள் வேலையில் பேர் கூப்பிடுகிறவள். கண்மாய்க் கரையின் இந்தக் கோடியில் அவள் கூப்பிட்டால் அந்தக் கோடியில் படுத்திருக்கிறவன் எழுந்து மண்வெட்டியைத் தேடுவான். மகளுக்கு அந்தத் தொண்டை வரவில்லை. வாய் திறக்காமல் செய்கிற வேலை எது என்று தேடித்தான் கம்ப்யூட்டருக்கு வந்தாள்.

நான்கு வருஷம் சென்னையில் இருந்தாள். ஹாஸ்டல் அறையில் ஆறு கட்டில். ஏழாவதாக இவள் தரையில். பல் விளக்க ஒரு வரிசை, பக்கெட்டுக்கு ஒரு வரிசை, அழுவதற்கு மாடிக்குப் போனால் அங்கேயும் இரண்டு பேர் முன்னால் நிற்பார்கள். கொரோனாவுக்கு ஊர் வந்தவள் திரும்பிப் போகவில்லை. அவள் படித்த படிப்புக்கு அருப்புக்கோட்டையில் வேலை தர இருந்தது இந்த ஒரு மாடிதான். இது மூடினால் மறுபடியும் அந்த ஏழாவது ஆள். யுவராணி எந்தக் காரியத்தைச் செய்தாலும் பின்னணியில் ஒரு இரும்புக் கட்டில் கிரீச்சிட்டுக்கொண்டே இருந்ததற்கு இதுதான் காரணம்.

ஆபீஸின் உயிர் ஒரு மேஜைக்கு அடியில் கிடந்தது. பில்டு சர்வர். எட்டுப் பேர் எட்டு மூலையில் எழுதுகிற நிரல்களை அது வாங்கிக் கோக்கும், சோதிக்கும், கடைசியில் போனில் போடுகிற செயலியாகக் கட்டிக் கொடுக்கும். ஒருதடவை கட்ட நாற்பது நிமிஷம். தினமும் காலையில் அதன் பொத்தானை அமுக்கி எழுப்புவது சந்தனம்மாள். ஆபீஸைக் கூட்டித் துடைக்கிறவள் அவள். அவள்தான் முதலில் வருவாள், அவளிடம்தான் சாவி. சர்வர் மீது ஒட்டடை படிந்தால் அது சர்வருக்கு அவமானமில்லை, தனக்கு அவமானம் என்று நினைக்கிறவள்.

போன தை மாதம் சர்வரின் டிஸ்க் செத்தது. புது டிஸ்க் போட்டபின், முன்பிருந்த அமைப்புகளை எல்லாம் ஒவ்வொரு பக்கமாகத் திறந்து, மவுஸால் அமுக்கி அமுக்கி, ஞாபகத்திலிருந்து திரும்ப வைக்க யுவராணிக்கு மூன்று நாள் ஆனது. மாட்டுப் பொங்கலும் அதில் போனது. இனிமேல் இந்தக் கழுதையைக் கையால் பிடித்து நடத்தக்கூடாது என்று அன்றைக்கு முடிவு செய்தாள்.

சர்வருக்குள் ஒரு போல்டர் உண்டு. அதில் ஸ்கிரிப்டுகளை எழுதிப் போட்டுவிட்டால், சர்வர் எழுந்திருக்கும்போதெல்லாம், வேறு எதையும் தொடுவதற்கு முன்னால், அவற்றை வரிசையாக வாசித்து அதன்படி தன்னை அமைத்துக்கொள்ளும். வைகாசியில்தான் யுவராணிக்கு அதற்கு நேரம் கிடைத்தது; நான்கு எழுதினாள். முதலாவது, ஒரே சமயத்தில் எத்தனை வேலை செய்யலாம் என்று. இரண்டாவது, நிரலை எங்கே போய் எடுத்துவருவது. மூன்றாவது, என்னென்ன வேலைகள், எந்த ஒழுங்கில். நான்காவது, யார் யார் உள்ளே வரலாம், யாருக்கு என்ன அதிகாரம். நடுவில் யாராவது மவுஸால் எதையாவது நோண்டி வைத்தாலும், அடுத்த தடவை எழும்போது அந்த நோண்டல் இருக்காது. எழுதி வைத்ததுதான் சட்டம்.

முதல் மூன்றும் ஒரே நாளில் முடிந்தன. நான்காவதுக்குப் பதினோரு நாள் பிடித்தது.

அதற்கு முன்பு அட்மின் அதிகாரம் முதலாளிகள் இருவருக்குமே இருந்தது. ஒருவர் போட்டதை மற்றவர் மாற்றி, ஒரே நாளில் இரண்டு வேறு செயலிகள் வாடிக்கையாளருக்குப் போய்ச் சேர்ந்திருந்தன. ஒன்றைத் திறந்தால் உதவிக்கு சுந்தரபாண்டியின் போன் நம்பர், மற்றதில் மருதுபாண்டியின் நம்பர். அதனால் அட்மின் ஒருத்தர்தான் இருக்கணும், வெளியே அனுப்புகிற கடைசிப் பொத்தானை அவர்தான் அமுக்கணும் என்று யுவராணி சொன்னதை இருவருமே ஏற்றார்கள். அந்த ஒருத்தர் யார் என்பதுதான் பாக்கி.

“இதுல யோசிக்க என்ன இருக்கு? மூத்தவன் நான்,” என்றார் சுந்தரபாண்டி.

“மூணு மாசம் முன்னாடி அழுததுக்கெல்லாம் பதவி குடுக்க முடியாது,” என்றார் மருதுபாண்டி.

“ஏலே, மூத்தவனுக்கு ஒரு மரியாத வேணாமா?”

“மரியாதன்னு நீயே பேச்ச எடுத்துட்ட. நம்ம குலசாமிக்கு எப்பிடி? நடை திறக்குறப்ப ஒரு தடவ உங்க வீட்டுக்குப் பரிவட்டம், அடுத்து நடை திறக்குறப்ப எங்க வீட்டுக்கு. தாலுகா ஆபீஸ்ல உக்காந்து ரெண்டு வீட்டுப் பெருசுகளும் கையெழுத்துப் போட்டதா இல்லையா?”

கோயிலில் அந்தத் துணியை யார் தலையில் முதலில் கட்டுவது என்று இரண்டு வீடுகளும் ஒரு தலைமுறை அடித்துக்கொண்டு, போலீஸ் வந்து, அமைதிக் கூட்டம் போட்டு முடிந்த கதை அது. சுந்தரபாண்டியால் அதை மறுக்க முடியவில்லை. கையெழுத்துப் போட்டவர் அவர் அப்பா.

“சரிம்மா யுவராணி. நடை திறக்குறப்பல்லாம் முறை மாறணும். அப்பிடியே எழுதிரு.”

அவள் அப்படியே எழுதினாள். சர்வருக்கு நடை திறப்பது என்றால் அது எழுந்திருப்பதுதானே. ஒவ்வொரு தடவை எழும்போதும் ஒரு கோப்பில் தேதியைக் குறித்து எண்ணிக்கையை ஒன்று கூட்டும். ஒற்றைப்படை வந்தால் சுந்தரபாண்டி அட்மின், இரட்டைப்படை என்றால் மருதுபாண்டி. மற்றவர் வெறும் ஆள். வேலையைப் பார்க்கலாம், கடைசிப் பொத்தானைத் தொட முடியாது. அந்த ஸ்கிரிப்டுக்குப் பரிவட்டம் என்றே பெயர் வைத்தாள். எழுதும்போது அவளுக்கே சிரிப்பு வந்தது. அவள் ஊர்க் கோயிலில் பரிவட்ட வரிசையில் அவள் வீட்டுப் பேர் ஒருநாளும் வந்ததில்லை; பந்தக்கால் குழி தோண்டக் கூப்பிடுகிற வரிசையில் தவறாமல் வரும். இங்கே யார் தலையில் துணி என்று முடிவு செய்கிற எழுத்து அவளுடையது.

அந்த மிதப்பில்தான் ஒன்றை மறந்தாள். குலசாமி நடை வருஷத்துக்கு ஒரே ஒருதடவை, மாசிச் சிவராத்திரிக்குத் திறக்கும். சர்வர் கரண்டு போய்க் கரண்டு வந்தாலே திறக்கும்.

ஆனிக் காற்று கிளம்பியது. கரிசல் காட்டுப் புழுதியை அள்ளிக்கொண்டு ஊருக்குள் வந்து, சட்டை காயப்போட்டவனை எல்லாம் பழிவாங்கியது. கம்பிகள் உரசின, கரண்டு போனது, வந்தது. யுபிஎஸ் பேட்டரி செத்து மூன்று மாதமாகியிருந்தது. புதுப் பேட்டரியை எடுத்துவருவது யார், ஆயுத பூஜையில் அதற்குப் பொட்டு வைப்பது யார் என்ற பேச்சுவார்த்தை இன்னும் முடியவில்லை. திங்கட்கிழமை சுந்தரபாண்டி அட்மினாக இருந்துகொண்டே கீழே டீ குடிக்கப் போனார். வடை ஆறட்டும் என்று ஊதிக்கொண்டிருந்த நேரத்தில் கரண்டு ஒருதடவை கண் சிமிட்டியது. திரும்பி வந்தால் பதவி இல்லை.

“என்னம்மா இது? ஒரு வடைக்குள்ள கவுத்துட்டீங்க?”

“நடை திறந்துருச்சு சார்,” என்றாள் யுவராணி.

எழுதிய இரண்டே வாரத்தில் அதைத் தப்பென்று ஒப்புக்கொள்ள அவளுக்கு வாய் வரவில்லை. வெள்ளிக்கிழமை வேலை முடியட்டும், பிறகு நாள் கணக்கில் மாற்றிவிடலாம் என்று விட்டுவிட்டாள்.

வெள்ளிக்கிழமைதான் கம்பெனியின் கழுத்து. பெரிய வாடிக்கை ஒன்றே ஒன்று, ஒரு நூற்பாலை. ஊர் ஊராகப் போய் ஆட்களை ஏற்றுகிற மில் வேன் எந்த நிறுத்தத்துக்கு எத்தனை மணிக்கு வரும், யார் ஏறினார்கள், யார் ஏறவில்லை என்பதை டிரைவர்கள் போனில் குறிக்கும் செயலி இவர்கள் செய்தது. சனிக்கிழமையிலிருந்து ஷிப்டு நேரம் மாறுகிறது. புது நேரத்தோடு செயலி வந்தாக வேண்டும். மில் மேனேஜர் சின்னச்சாமி போனில் சுருக்கமாகச் சொன்னார்:

“வெள்ளிக்கிழம நாலு மணி. நாலே காலு ஆச்சுன்னு வச்சுக்கங்க, கோயம்புத்தூர்க்காரன் ஒருத்தன் ஒரு வருஷமா என் ரூம் வாசல்ல நிக்கிறான். அவனுக்கு ஒரு சேர் போட்டுருவேன்.”

அந்த மில் போனால் மாடி மூடும். அதை யுவராணிக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. கட்டில் கிரீச்சிட்டது.

வெள்ளிக்கிழமை காற்று அடங்கியிருந்தது. பதினொரு மணிக்கு நிரல் தயார். சர்வர் கட்ட ஆரம்பித்தது. இருபத்தைந்தாவது நிமிஷம் அணைந்தது, எழுந்தது. மறுபடி ஆரம்பித்தாள். முப்பதாவது நிமிஷம் அணைந்தது. பன்னிரண்டே காலுக்கு ஒருதடவை, பன்னிரண்டே முக்காலுக்கு ஒருதடவை, பிறகு இரண்டரை மணிக்குள் இன்னும் மூன்று தடவை. சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்தாள்; சோற்றில் ஈ உட்கார்ந்தது, அவள் உட்காரவில்லை.

தான் எழுதிய ஸ்கிரிப்டுதான் சர்வரைக் கொல்கிறது என்று அவளுக்குத் தோன்றிவிட்டது. நான்கையும் வரிவரியாக வாசித்தாள். மூன்றுதடவை வாசித்தாள். வரிகள் ஒழுங்காக இருந்தன. பரிவட்டக் கோப்பைத் திறந்து எண்ணிக்கையைப் பார்த்தாள். திங்கட்கிழமையிலிருந்து முப்பத்தாறு. புதன், வியாழன் காற்றே இல்லை. அந்த இரண்டு நாளில் மட்டும் பதினேழு. கீழே இறங்கிப் பம்புசெட் கடைப் பாண்டிராஜிடம் கேட்டாள்.

“இன்னைக்கு எத்தன தடவ கரண்டு போச்சுண்ணே?”

“இன்னைக்கா? போகவே இல்லையே தங்கச்சி. காலையிலருந்து பேன் நிக்காம ஓடுது, எனக்கே பயமா இருக்கு.”

மேலே வந்தபோது சந்தனம்மாள் துடைப்பத் துணியோடு இடுப்பில் கை வைத்து நின்றாள்.

“ஏத்தா யுவராணி, நீ சொல்லு. ஒரு மனுசி ஒரு தரைய ஒரு நாளைக்கு எத்தன தடவ தொடைப்பா?”

“ஏங்க்கா?”

“வந்து பாரு.”

பின் மூலையில், தொங்குகிற துணி ஸ்கிரீனுக்குப் பின்னால், சுவிட்ச் போர்டு. அங்கே போகவும் வரவும் ஈரத் தரையில் தடங்கள். ஒன்று பூப்போட்ட ரப்பர் செருப்பு, சுந்தரபாண்டியினுடையது. இன்னொன்று பட்டை பட்டையாக விழுகிற ஷூ, மருதுபாண்டியினுடையது. ஒன்றின்மேல் ஒன்று, ஒன்றின்மேல் ஒன்று.

“இதுல ஒரு கூத்து பாத்தியா?” சந்தனம்மாள் குரலைத் தாழ்த்தினாள். “போகையில ஒருத்தருக்கும் குதிகாலு இல்ல. நுனிக்கால்ல போயிருக்காக. திரும்பி வாரப்பதான் முழுக்கால். அவுக போவாக, இவுக வருவாக. இவுக போவாக, அவுக வருவாக. நானும் மூணு நாளாப் பாக்குறேன். வயித்துக் கோளாறுன்னுல்ல நெனச்சேன், கக்கூஸ் அந்தப் பக்கம் இல்லையேன்னும் நெனச்சேன்.”

யுவராணிக்கு எல்லாம் விளங்கியது. மில்லுக்கு அனுப்புகிற பொத்தானை யார் அமுக்குவது என்பதுதான் சண்டை. ஒருவர் மூலைக்குப் போய் சர்வரின் சுவிட்சைத் தட்டி நடையைத் திறக்கிறார். பரிவட்டம் அவருக்கு வருகிறது. திரையில் தன் பேரைக் காணோம் என்று பார்த்த மற்றவர் சற்று நேரம் மூக்கைச் சொறிந்துவிட்டு எழுந்து போகிறார். இருவருமே நாற்பது நிமிஷம் பொறுத்ததில்லை.

மணி இரண்டு நாற்பது. சண்டையைத் தட்டிக் கேட்டால் பஞ்சாயத்து ஆறு மணி வரை போகும். கோயம்புத்தூர்க்காரன் நாலே காலுக்குச் சேரில் உட்கார்ந்துவிடுவான். அவள் நான்காவது ஸ்கிரிப்டைத் திறந்தாள். எண்ணிக்கையை அழித்தாள். ஒற்றைப்படை, இரட்டைப்படை எல்லாம் போயிற்று. அட்மின் என்ற இடத்தில் ஒரு பேர் வேண்டும்.

தன் பேரில் பாதி வரை தட்டினாள். நிறுத்தினாள். அவள் பேர் வந்தால் பங்காளிகள் இருவரும் ஒரே நிமிஷத்தில் ஒன்று சேர்ந்துவிடுவார்கள். அந்த ஒற்றுமையைத் தாங்க அவள் ஒருத்தியால் ஆகாது. தவிர, அட்மினைத் தேடி எந்நேரமும் போன் அடிக்கும். தன்னைத் தேடி யாரும் போன் அடிக்காமல் சர்வர் தானாக நடக்கட்டும் என்றுதானே ஸ்கிரிப்டே எழுதினாள்.

அழித்தாள். கையில் துணியோடு நின்றவளைத் திரும்பிப் பார்த்தாள். தினமும் நடை திறக்கிறவள்.

“அக்கா, உங்களுக்கு ஒரு பாஸ்வேர்டு போடணும். யாருக்கும் தெரியாத வார்த்த ஒண்ணு சொல்லுங்க.”

“என் வெள்ளாட்டுப் பேரப் போடு. செவலக்குட்டி.”

“அது ஊருக்கே தெரியுமேக்கா.”

“ஊருக்குத் தெரிஞ்சா என்ன? இவுகளுக்குத் தெரியாதுல்ல. என் வீடு எந்தத் தெருன்னே ரெண்டு பேருக்கும் தெரியாது.”

நியாயமாக இருந்தது. பின்னால் மூன்று எண்கள் சேர்த்து அதையே வைத்தாள். ஸ்கிரிப்டைச் சேமித்தாள். இனி சர்வர் ஒரே ஒருதடவை அணைந்து எழ வேண்டும். தானே எழுந்துபோய்ச் செய்யலாம். செய்யவில்லை. டப்பாவை எடுத்து ஆறிப்போன சோற்றை ஒரு வாய் வைத்தாள்.

இரண்டாவது வாய் வைப்பதற்குள் மருதுபாண்டி எழுந்து சோம்பல் முறித்தார். “என்னமா வேக்காடு,” என்று யாரிடமோ சொல்லிக்கொண்டே ஸ்கிரீனுக்குப் பின்னால் போனார். மேஜைக்கு அடியில் சர்வர் பெருமூச்சு விட்டு அணைந்தது. பிறகு விழித்தது. யுவராணி அந்தக் கணத்திலேயே கட்டும் வேலையைத் தொடங்கிவிட்டாள். மணி இரண்டு ஐம்பத்திரண்டு.

“ஏலே, என் பேரக் காணோம்!” என்றார் மருதுபாண்டி.

“அப்ப எனக்குத்தான் இருக்கும்,” என்று திரும்பிய சுந்தரபாண்டி திரையைப் பார்த்தார். “என் பேரயும் காணோம்லே!”

அந்த ஆபீஸில் இருவரும் ஒரே கருத்தைச் சொன்னது அதுதான் முதல்தடவை.

“நடை திறந்துச்சு சார். முறை மாறிருச்சு,” என்றாள் யுவராணி.

“யாருக்கு?”

“சந்தனக்காவுக்கு.”

மருதுபாண்டியின் கண் மூலைப் பக்கம் போனது. சுந்தரபாண்டியின் கண்ணும் அங்கேதான் போனது. அடுத்த தடவை திறந்தால் மாறிவிடாதா? ஸ்கிரீனுக்கு முன்னால் சந்தனம்மாள் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தாள்.

“ஈரம் காயல,” என்றாள். “இன்னம் ஒரு மணி நேரத்துக்கு இங்கிட்டு ஒரு கால் வரக்கூடாது. நுனிக்காலும் சேத்துத்தான் சொல்றேன்.”

இருவர் முகத்திலும் இரத்தம் ஏறி இறங்கியது. ஒருவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். மற்றவர் தன் ஷூவைப் பார்த்தார்.

மூன்று முப்பத்தைந்துக்குச் சர்வர் கட்டி முடித்தது. சந்தனம்மாள் வாளியை விட்டு எழுந்துவந்து, வலது கையைச் சேலையில் துடைத்து, யுவராணி காட்டிய பச்சைப் பொத்தானை அமுக்கினாள். “இம்புட்டுத்தானா?” என்று கேட்டாள்.

பத்து நிமிஷத்தில் சின்னச்சாமி போன் செய்தார். சுந்தரபாண்டி போனை மேஜையில் வைத்து எல்லாரும் கேட்கும்படி போட்டார்.

“வந்துருச்சு. வேன் டிரைவருக கூட ஓப்பன் பண்ணிப் பாத்துட்டாங்க, சரியா இருக்கு. ஆமா, அனுப்பியவர் சந்தனம்னு வருதே, யாருங்க அது? புதுசா மேனேஜர் போட்டிருக்கீங்களா?”

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். இல்லை என்று சொன்னால் யார் என்று சொல்ல வேண்டும்.

“ஆமா சார்,” என்றார் மருதுபாண்டி. “ஆபீஸ் பொறுப்பு அவுகதான்.”

“நல்ல காரியம். உங்க ரெண்டு பேருல யாருக்குப் பேசுறதுன்னு எனக்கு இதுவர தெரியல. அவுக நம்பரக் குடுங்க.”

அதற்குப் பிறகு அந்தப் பேரை எடுக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை. எடுத்தால் அந்த இடத்தில் யாரை எழுதுவது என்ற பேச்சு வரும். வந்தால் எங்கே போய் முடியும் என்பது இருவருக்குமே தெரியும். காற்று அடித்தது, கரண்டு போனது, சர்வர் அணைந்தது, தானே எழுந்து நான்கு ஸ்கிரிப்டுகளையும் வாசித்து வேலையைத் தொடர்ந்தது. யுவராணி இரண்டு நாள் லீவில் ஊரில் ஆடுகளை ஊசி போடக் கூட்டிப்போனாள். போன் ஒருதடவைகூட அடிக்கவில்லை. தான் இல்லாமல் நடக்கிறதே என்று கொஞ்சம் வருத்தமாகக்கூட இருந்தது.

திங்கட்கிழமை அவள் படியேறி வந்தபோது மில்லுக்கு அடுத்த செயலி தயாராக இருந்தது. சந்தனம்மாள் ஹாலின் நடுவில் துடைத்துக்கொண்டிருந்தாள். வாசலில் இரண்டு முதலாளிகளும் வெறுங்காலோடு நின்றார்கள். பூப்போட்ட ரப்பர் செருப்பும் பட்டை ஷூவும் பலகைகளுக்குக் கீழே ஒரே வரிசையில் கிடந்தன.

“யக்கா, ஒரு பொத்தான் மட்டும்…” என்றார் சுந்தரபாண்டி.

“நான்தான் முதல்ல வந்தேன்,” என்றார் மருதுபாண்டி.

“யாரு முதல்ல வந்தா எனக்கென்ன?” சந்தனம்மாள் நிமிரவே இல்லை. “காயட்டும். நில்லுங்க.”